வவ்வாலுக்கு மணி சொல்வது யார்?

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் செட்டிநாட்டுப் பக்கம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: வவ்வால். குடும்பங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் முகப்புக் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் உள்ளறைகளின் தேக்கு உத்தரங்கள் வவ்வால்களுக்குத்தான் சொந்தம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எப்போதாவது பெருக்க வரும்போது புழுக்கையைப் பார்த்துத் திட்டுவார். அதோடு சரி.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடும் அப்படித்தான். அதன் பக்கச் சுவரில், உயரத்தில், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்த ஜன்னலில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதலில் ஒன்று வரும். வந்த வேகத்தில் வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்விடும். அப்புறம் இரண்டு மூன்று தலை நீட்டும், திரும்பும். கொஞ்ச நேரம் வருவதும் போவதுமாக இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி ஊருணிப் பக்கம் பறக்கும். ஊருணிக்கு மேலே கொசுவும் பூச்சியும் திரளும் நேரம் அது. கையளவுகூட இல்லாத, பூச்சி தின்கிற சின்ன வவ்வால்கள். புறப்படும் நேரம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. கார்த்திகையில் கொஞ்சம் முன்னே, ஆடியில் கொஞ்சம் பின்னே, அவ்வளவுதான்.

ஆனால் அவை பகல் முழுக்கத் தொங்கும் அறைகளில் வெளிச்சமே கிடையாது. நகையும் பாத்திரமும் சீர்ச் சாமான்களும் வைப்பதற்கென்று ஜன்னல் இல்லாமல் கட்டிய அறைகள். அங்கே காலை எது, மாலை எது? இருட்டில் தலைகீழாகத் தொங்கும் பிராணிக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல வருடம் உழைத்தவர்கள் நமக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விலங்கியல் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் 1970களிலிருந்து இதைச் செய்தார்கள். உடல் கடிகாரம் பற்றி ஜெர்மனியில் ஆய்வு செய்துவிட்டு மதுரைக்கு வந்தவர் அவர். பல்கலைக்கழகத்தைச் சுற்றி மலை, மலையில் குகை, குகையில் வவ்வால். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டவேண்டிய இருட்டு ஆய்வுக்கூடம் இங்கே இயற்கையாகவே கிடந்தது. குகையின் ஆழத்தில் வெளிச்சமில்லை. வெப்பமும் ஈரப்பதமும் நாள் முழுக்க அனேகமாக ஒரே அளவு. பொழுதைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் அங்கே எட்டாது.

அவர்கள் எடுத்துக்கொண்டது இலைமூக்கு வவ்வால் ஒன்று. ஹிப்போசிடெரஸ் ஸ்பியோரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு வவ்வாலைப் பிடித்துக் கூண்டில் விட்டு, மற்ற வவ்வால்கள் இல்லாத குகையில் வைத்தார்கள். கூண்டில் அது எப்போது பறக்கத் துடிக்கிறது, எப்போது சும்மா தொங்குகிறது என்பதைக் கருவி பதிவு செய்யும். சூரியனைப் பார்க்காவிட்டாலும் தினமும் ஒரு நேரத்தில் விழித்துப் பறக்க முயன்றது. ஒரு நேரத்தில் அடங்கியது. ஆனால் அந்தச் சுற்று சரியாக 24 மணி நேரமாக இல்லை. நாள் போகப் போக வெளி உலகத்து மாலையிலிருந்து நழுவிக்கொண்டே போனது. கடிகாரம் ஓடுகிறது, ஆனால் அதைத் திருத்தி வைக்க ஆளில்லை.

அடுத்து, இதே மாதிரி ஒரு வவ்வாலைக் கூட்டம் வாழும் குகைக்குள் கூண்டோடு வைத்தார்கள். கூட்டம் சாயங்காலம் வெளியே போகும், விடியலில் திரும்பும். கூண்டில் இருப்பதற்கு வெளிச்சம் இப்போதும் கிடையாது. ஆனாலும் அதன் கடிகாரம் நழுவவில்லை. கூட்டம் கிளம்பும் நேரத்தில் அதுவும் கிளம்பத் துடித்தது, நாள் தவறாமல். சகாக்களின் சத்தமும் போக்குவரத்துமே அதற்குப் பொழுது சொல்லிவிட்டன. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் இதை 1981இல் விரிவாக வெளியிட்டார்கள். அந்தச் சகாக்களுக்கு யார் சொன்னது? அவை குகை வாசல் வரை வந்து வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. அடுத்த வீட்டுக் கண்ணாடி ஓட்டையில் நடக்கும் தலைநீட்டலும் அதே வேலைதான்.

ஆக, கடிகாரம் உடம்புக்குள் இருக்கிறது; அதற்கு நேரம் சொல்வது வெளியே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. உடல் கடிகாரம் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கட்டுரைகள் அத்தனையும் குழப்புவது இந்த ஒரு இடத்தில்தான். ‘இரவு 11 முதல் 1 வரை பித்தப்பை வேலை செய்யும், 1 முதல் 3 வரை கல்லீரல்’ என்று பட்டியல் போடுவார்கள். உறுப்புகள் அப்படி முறை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதில்லை. எல்லாம் எப்போதும் வேலை செய்கின்றன; வேகம்தான் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குகிறது.

சூரியன் இல்லாவிட்டாலும் உள்ளே ஒன்று ஓடுகிறது என்பதை முதலில் காட்டியது விலங்கு இல்லை, செடி. புளியமரத்து இலை ராத்திரியில் மடங்கிக்கொள்வது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அலெக்சாண்டரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் இன்றைய பஹ்ரைன் தீவில் இப்படி இலை மடக்கும் மரம் ஒன்றைப் பார்த்துக் குறித்து வைத்தார். அது புளியமரமாக இருக்கவேண்டும் என்பது பின்னால் வந்தவர்கள் கணிப்பு. ஆனால் பார்ப்பது வேறு, சோதிப்பது வேறு. 1729இல் பிரான்சில் த மேரான் என்ற வானியலாளர் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் பூட்டி வைத்தார். வெயில் படாமலே இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன, இரவு நேரத்தில் மடங்கின. ஒரு வானியலாளர் செடியைப் பூட்டி வைத்ததில் பிறந்த துறை இது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. சக விஞ்ஞானி ஒருவர்தான் பாரிஸ் அகாதெமிக்குச் சொன்னார்.

உள்ளே ஓடுவது என்ன என்று தெரிய இன்னும் இரண்டரை நூற்றாண்டு பிடித்தது. 1971இல் அமெரிக்காவில் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களை வைத்துத் தேடினார்கள். வாழைப்பழம் கனிந்தால் சுற்றி வருமே, அந்தக் குட்டி ஈ. அதில் கடிகாரம் கெட்டுப்போன மூன்று வகை கிடைத்தது. ஒன்றுக்கு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்கு ஒழுங்கே கிடையாது. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில். அதற்கு ‘பீரியட்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்று அவிழ்த்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். பின்கட்டில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தட்டுத் தட்டாக முன்கட்டுக்குப் போகிறது. முதலில் போகும் தட்டுகளைப் பிள்ளைகள் நடுவழியிலேயே காலி செய்துவிடுவார்கள். அதனால் முன்கட்டில் சேருவதற்கு நேரமாகும். கடைசியில் நிறையச் சேர்ந்ததும் ஒருவர் உள்ளே வந்து, ‘போதும், அடுப்பை நிறுத்துங்க’ என்பார். நிறுத்துவார்கள். சாப்பிடச் சாப்பிடத் தட்டு காலியாகும். நிறுத்தச் சொன்னவரும் எழுந்து போய்விடுவார். மறுபடி அடுப்பு பற்றும். செல்லுக்குள் நடப்பதும் இதுதான். பீரியட் மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. ஆரம்பத்தில் செய்யப்படும் புரதத்தை ஒரு நொதி சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது மெதுவாகத்தான் சேர்கிறது. ‘டைம்லெஸ்’ என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்தவை தப்பித்து, செல்லின் கருவுக்குள் நுழைந்து, தன்னைச் செய்யச் சொன்ன மரபணுவையே அடைத்துவிடுகின்றன. வரத்து நிற்கிறது. இருப்பது சிதைந்து தீர்ந்ததும் அடைப்பு விடுகிறது, மறுபடி முதலிலிருந்து.

இதில் முக்கியமானது தாமதம். பிள்ளைகள் நடுவழியில் தின்னாமல் இருந்தால் முன்கட்டு உடனே நிறைந்து, உடனே நிறுத்தி, கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருக்கும் நிலைக்கு வந்துவிடும். ஏற்ற இறக்கம் இருக்காது. அந்தத் தாமதம்தான் சுற்றை ஏறத்தாழ ஒரு நாளாக நீட்டுகிறது. மனிதர்களிலும் இதே ஜாதி மரபணுக்கள்தான், சில சில்லறை வித்தியாசங்களோடு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் பலருக்குச் சாயங்காலம் ஏழரை மணி வாக்கிலேயே கண் சொருகும், விடிகாலை நாலரை வாக்கிலேயே விழிப்பு வந்துவிடும். அவர்களுடைய பீரியட் மரபணு ஒன்றில், புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள். நாம் ‘அவர் சுறுசுறுப்பு, இவன் சோம்பேறி’ என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயத்தில் ஒரு பகுதி இப்படி ஓர் எழுத்துப் பிழையில் இருக்கலாம்.

இன்னொரு ஆச்சரியம், சூட்டுக்கு இந்தக் கடிகாரம் அசையாதது. சாதாரண ரசாயன வேலையெல்லாம் சூடு ஏறினால் வேகம் எடுக்கும். மாவு சித்திரையில் சீக்கிரம் புளிக்கிறது, மார்கழியில் புளிக்கவே மாட்டேன் என்கிறது. உடல் கடிகாரம் அப்படிச் செய்தால் ஈயும் பல்லியும் கத்திரி வெயிலில் மத்தியானமே இரவு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கோலின் பிட்டென்ட்ரி 1954இல் பழ ஈக்களை வைத்து, வெப்பம் மாறினாலும் சுற்றின் நீளம் அனேகமாக மாறவில்லை என்று காட்டினார். கடிகாரம் என்ற பெயருக்கு அது அப்போதுதான் தகுதி பெற்றது.

மனிதனுக்கு வருவோம். மூளையில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்ன மொத்தை இருக்கிறது. தலைமைக் கடிகாரம் அதுதான். 1972இல் எலிகளில் அதைச் சிதைத்துப் பார்த்தபோது ஓடியாடுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் நேரம் கெட்டுப்போயின. 1990இல் ஒருபடி மேலே போய், 20 மணி நேரச் சுற்று உள்ள வெள்ளெலியின் அந்தத் துளியை, அது சிதைக்கப்பட்ட சாதாரண வெள்ளெலிக்கு வைத்தார்கள். வாங்கிக்கொண்ட எலியும் 20 மணி நேர நாளில் ஓட ஆரம்பித்தது. கொடுத்தவர் குணம் அப்படியே வந்துவிட்டது.

மனிதர்களின் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் அளந்திருக்கிறார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அப்படியானால் நம் உடம்பு தினமும் ஏறத்தாழ அரை நாழிகை பின்தங்குகிற கடிகாரம். அரை நாழிகைதானே என்று விடமுடியாது. யாரும் திருத்தாவிட்டால் இரண்டு மாதத்தில் நடுப்பகல் நடுராத்திரியாகிவிடும்.

திருத்துவது வெளிச்சம். அதற்கென்றே கண்ணில் தனியாகச் சில செல்கள் இருப்பது 2002 வாக்கில்தான் உறுதியானது. அவற்றுக்கு உருவம் பார்ப்பது முக்கிய வேலை இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று, அதிலும் நீல நிற வெளிச்சம் எவ்வளவு என்று மூளைக் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் வேலை. அதனால் பார்வை முழுக்கப் போனவர்களிலும் சிலருக்குக் கண் பொழுதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்ணையே எடுக்கவேண்டி வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. பலருக்குத் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும்.

வெளிச்சம் எப்போது படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். உடம்புச் சூடு மிகவும் குறைவது வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், பெரும்பாலானவர்களுக்கு விடிகாலை நாலு மணி வாக்கில். அதற்கு முந்திய இரவில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பிந்திய காலை வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். செட்டிநாட்டு வீடுகளில் வளவின் நடுவே முற்றத்தைத் திறந்து போட்டுக் கட்டியவர்கள் மழைத் தண்ணீருக்கும் காற்றுக்கும்தான் கட்டினார்கள். ஆனால் பல் விளக்க வந்தாலும் அரிசி புடைக்க வந்தாலும் வெளிச்சத்தில் நின்றாகவேண்டும் என்று ஆனது. அடுக்குமாடி வீட்டில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு காலை பத்து மணி வரை சூரியனைப் பார்க்காமல் இருப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை. நம் கண்ணுக்கு டியூப் லைட் நல்ல வெளிச்சம்தான். வெயிலோடு ஒப்பிட்டால் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை.

வவ்வாலைப் போல மனிதனும் குகையில் இருந்து பார்த்திருக்கிறான். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கைக்கடிகாரம் இல்லாமல் இறங்கினார். செப்டம்பர் 14 அன்று மேலே கூப்பிட்டபோது அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். மனசு இவ்வளவு தவறியும் உடம்பு தூங்கி எழுந்த சுற்று 24 மணி நேரத்தை ஒட்டியேதான் இருந்தது. காமராசர் பல்கலைக்கழகத்திலும் மனிதர்களைத் தனித்து வைத்துப் பார்க்க ஓர் இடம் கட்டி, அங்கே தங்கியவர்களின் தூக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்தார்கள்.

சேவல் கதையை விட்டுவிட மனசில்லை. விடியப் போவதைப் பார்த்துச் சேவல் கூவுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை நாள் முழுக்க மங்கல் வெளிச்சத்தில் வைத்தார்கள். விடியலே இல்லாவிட்டாலும் விடிகிற நேரத்துக்குக் கூவின. உள்கடிகாரம்தான் காரணம் என்று 2013இல் சொன்னார்கள். 2015இல் அதைவிட வேடிக்கையான ஒன்று வந்தது. கூட்டத்தில் அதிகாரம் உள்ள சேவல்தான் முதலில் கூவும். மற்றவை தத்தம் வரிசைப்படி பின்னால். கீழே உள்ள சேவலுக்கு நேரம் தெரியாமல் இல்லை, முறைக்காகக் காத்திருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பேசுவதற்குக் காத்திருப்பவர்கள் நிலைமை சேவல்களுக்கும் உண்டு என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் அண்ணன் மகன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லிங் வேலை. கொரோனாவுக்குப் பிறகு சென்னை வாடகையை விட்டுவிட்டு லேப்டாப்போடு ஊருக்கே வந்துவிட்டான். நியூயார்க்கில் காலை எட்டரை என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு ஏழு. அடுத்த வீட்டு வவ்வால்கள் கிளம்பி முடித்ததும் இவன் லாகின் செய்வான், விடிகாலை நாலுக்கு முடிப்பான். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். உடனே பள்ளத்தூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் சாப்பாட்டு நேரம் மாறும். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பழையபடி. நியூயார்க்கில் வெயில் வீணாகக்கூடாது என்று போட்ட சட்டத்துக்கு எங்கள் ஆத்தா வருடம் இரண்டு தடவை புலம்புகிறார்.

ஆத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். வயதானால் கடிகாரம் முன்னுக்கு நகரும், தூக்கமும் லேசாகிவிடும். அதனால் நாலு மணிக்கு அடுப்படியில் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு நாள் ஆரம்பம், இன்னொருவனுக்கு நாள் முடிவு. தாத்தா பெயரை வைத்திருப்பதால் ஆத்தா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

“என்ன தம்பி, காபி குடிக்கிறியா?”

“வேணாம் அப்பத்தா, தூங்கணும்.”

“ஒரு வாய் குடிச்சா தூக்கம் ஓடியா போயிடும்?”

ஓடித்தான் போகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை அழுத்தும். காபியில் உள்ள கஃபீன் அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். நாலு மணிக் காபி ஒன்பது மணிக்கும் பாதி உயிரோடு இருக்கும்.

காபியை அவன் சமாளித்துவிட்டான். சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டான். ராத்திரி இரண்டு மணிக்கு இடைவேளை வரும். மத்தியானம் வைத்த கோழிக் குழம்பை எடுத்து, சோற்றைப் போட்டு நன்றாகச் சாப்பிட்டுவிடுவான். சில மாதத்தில் நெஞ்செரிச்சல், வயிறு உப்பல், எடை. பரிசோதித்த டாக்டர் ‘நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். எந்த நேரத்துக்கு என்று சொல்லவில்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. கல்லீரல், கணையம், குடல், தசை என்று உடம்பின் செல்கள் அனேகமாக எல்லாவற்றிலும் அதே பணியாரச் சுற்று ஓடுகிறது. மூளைக்கு வெளிச்சம் நேரம் சொல்கிறது. கல்லீரலுக்குச் சாப்பாடு சொல்கிறது. இரவில் மேயும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டுப் பார்த்தார்கள், 2000-2001இல். சில நாட்களிலேயே கல்லீரலின் கடிகாரம் தீனி நேரத்துக்குத் திரும்பிவிட்டது. மூளையின் கடிகாரமோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே உடம்புக்குள் இரண்டு ஊர் நேரம். இரவு வேலை உடம்பைக் கெடுப்பது தூக்கம் குறைவதால் மட்டும் இல்லை, இந்தப் பிளவினாலும்தான் என்று படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிக்கொண்டு வருகிறது. காலையில் சாப்பிடும் அதே சாப்பாட்டை இரவில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. நீண்டகால இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியவற்றின் பட்டியலில், ‘அனேகமாக’ என்ற பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே சேர்த்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்சும் ரயில் ஓட்டுநரும் ஸ்பின்னிங் மில் தொழிலாளியும் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். ஐ.டி. பிள்ளைகள் வந்த பிறகுதான் இது ஒரு பிரச்சினை என்று பத்திரிகைகளுக்குத் தெரிந்தது.

அவனும் நானும் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு ஏற்பாடு வந்தது. மத்தியானம் எழுந்ததும் முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து வீட்டாரோடு முழுச் சாப்பாடு. ஆறு மணிக்கு முன்னால் இரண்டாவது சாப்பாடு. ராத்திரி இரண்டு மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் மோரோ, அதற்கு மேல் இல்லை. வேலை முடிந்ததும் போனைப் பார்க்காமல் நேரே படுக்கை. படுப்பதற்கு அவன் பிடித்த இடம் சாமான் அறை. பழைய பித்தளை அண்டாக்களை ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டில் போட்டுக்கொண்டான். ஜன்னல் இல்லை, சுவர் இரண்டடி கனம், கதவைச் சாத்தினால் காலை எட்டு மணியும் நடுநிசிதான். சென்னையில் இருக்கும் அவன் நண்பர்கள் இதற்காகக் கறுப்புத் திரைச்சீலை ஆன்லைனில் வாங்குகிறார்கள். லீவு நாளிலும் ஒரேயடியாகப் பகலுக்கு மாறாமல், மூன்று மணி வரையாவது விழித்திருக்கிறான். வாரம் ஒரு தடவை அமெரிக்கா போய் வருகிற வேலையை உடம்புக்குக் கொடுப்பதில்லை. நெஞ்செரிச்சல் குறைந்துவிட்டது. எடை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்களுக்கு, அதாவது வியாபாரத்துக்குப் போனவர்களுக்கு, இந்தத் தொல்லை இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலில் நாள் கணக்கில் போனார்கள். நேர வித்தியாசமும் ஒரு மணி, இரண்டு மணி. கடிகாரம் வழியிலேயே திருந்திவிடும், ஏனென்றால் அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வாக்கில் சுலபமாக நகரக்கூடியது. இன்றைக்கு மகள் வீட்டுக்கு கலிஃபோர்னியா போகும் ஆச்சிகள் ஒரே நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் தாண்டுகிறார்கள். அங்கே போய் இரண்டு வாரம் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்து முறுக்குச் சுட்ட கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று பிள்ளைகள் விஷயத்தில். ‘விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சா மண்டையில ஏறும்’ என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. ஆத்தாவுக்கு அது சரி. பதினாறு வயசுக்குச் சரியில்லை. பருவ வயதில் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. இருபது வயது வாக்கில்தான் திரும்ப முன்னுக்கு வர ஆரம்பிக்கும். அந்தப் பிள்ளைக்கு ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் தூக்கம் வராது. நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவது நமக்கு ஒன்றரை மணிக்கு எழுப்புவது மாதிரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், உயர்நிலைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் காலை எட்டரைக்கு முன் தொடங்கவேண்டாம் என்று பரிந்துரைத்தது. இங்கே ஐந்தரை மணி டியூஷனுக்குச் சைக்கிளில் கொட்டாவி விட்டுக்கொண்டு போகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். சொன்னால், ‘உங்க காலத்துல நீங்க படிக்கலையா?’ என்பார்கள். படித்தோம். தூங்கித் தூங்கி விழுந்துதான் படித்தோம்.

மதுரை ஆய்வுகளில் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது வவ்வால்கூட இல்லை, சுண்டெலி. வயல் சுண்டெலிக் குட்டிகளை விஸ்வநாதனும் சந்திரசேகரனும் எந்நேரமும் மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்தார்கள். பகல், இரவு என்று எதுவும் இல்லை. தாயை மட்டும் பன்னிரண்டு மணி நேரம் குட்டிகளோடு விட்டார்கள், பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவிட்டார்கள். குட்டிகள் அதையே பொழுதாக எடுத்துக்கொண்டன. தாய் கூட இருந்தால் பகல், இல்லாவிட்டால் இரவு. சுண்டெலி இரவில் இரை தேடப் போகும் பிராணி. தாய் வளையில் இருப்பது பகலில்தான். குட்டிகளின் கணக்கு துளியும் தப்பில்லை. 1985இல் இது நேச்சர் ஆய்விதழில் வந்தது.

மனிதர்களுக்கு வெளிச்சம்தான் பெரிய அதிகாரி. கூடப் பழகும் ஆட்கள் அவ்வளவு நேரடியாகக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. ஆனால் எப்போது விளக்கை அணைக்கிறோம், எப்போது சாப்பிட உட்காருகிறோம் என்பதெல்லாம் கூட இருப்பவர்களை வைத்துத்தானே நடக்கிறது? அண்ணன் மகன் சென்னையில் தனியாக அறை எடுத்து இதே வேலை பார்த்தபோது, சாப்பாடு ஒரு நாள் மூன்று மணிக்கு, ஒரு நாள் ஆறு மணிக்கு. இங்கே ஒரு மணிக்கு இலை போட்டுவிட்டு ஆத்தா சாமான் அறைக் கதவைத் தட்டுவார், வந்துதான் ஆகவேண்டும்.

நவம்பரில் மறுபடி மணி மாறப்போகிறது. ஒரு வாரம் முன்பிருந்தே பத்துப் பத்து நிமிடமாகப் படுக்கையையும் சாப்பாட்டையும் தள்ளி வைத்துக்கொண்டு போனால் உடம்புக்கே தெரியாமல் மாறிவிடலாம் என்று அவனிடம் சொன்னேன்.

“எனக்குச் சரி சித்தப்பா. அப்பத்தாகிட்ட யாரு சொல்றது, இன்னிக்கு ஒண்ணு பத்து, நாளைக்கு ஒண்ணு இருபதுன்னு?”